பொங்கலுக்கு அடித்த பெயின்ட் சித்திரையில் உரிந்தது

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். அறையைக் கூட்டும்போது சுவரோரமாக இளம்பச்சை நிறத்தில் சில்லு சில்லாக ஏதோ கிடந்தது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் பொங்கலுக்கு முன்னால் நாங்களே அடித்த எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கிற பெயின்ட். மறுபக்கம் கோலமாவு மாதிரி வெள்ளை. விரலால் தடவினால் கையோடு வந்தது. நிமிர்ந்தால், ஜன்னலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பாதி பிரிந்து மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன். கிழியவே இல்லை. வாழைப்பட்டையை உரிக்கிற மாதிரி ஒரு முழ நீளத்துக்கு வந்தது.

பொங்கல் கழிந்து மூன்றரை மாதம்கூட நிற்கவில்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பணம் போனது ஒரு பக்கம்; நானும் இவரும் இரண்டு நாள் லீவு போட்டு, ராத்திரி பதினோரு மணி வரை ஸ்டூலில் நின்று அடித்த சுவர் அது.

எங்கள் வீடு மயிலாடுதுறையில். மாமனார் 1987இல் கட்டியது. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம். கீழே நாலடி உயரத்துக்குக் காப்பிக்கொட்டை நிறத்தில் எனாமல் (எண்ணெய்ப் பெயின்ட்) பட்டை, அந்தக் காலத்து வீடுகளில் தலை சாய்ந்தால் எண்ணெய்க்கறை படியாமல் இருக்க அடிப்பார்களே, அது. அதற்கு மேலே வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு. கடைசியாக ஒரே ஒரு தடவை பொடி டிஸ்டெம்பர். மேற்குச் சுவருக்குப் பின்னால் குளியலறை. இந்த விவரம் எல்லாம் பின்னால் வேண்டியிருக்கும்.

2023 டிசம்பரில் நாங்கள் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் எந்த இடத்தில் வேலையைச் சுருக்கினோமோ சரியாக அந்த இடத்தில்தான் சுவர் விட்டது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டவில்லை. தென்னந்துடைப்பத்தால் தூசி தட்டியதோடு சரி. பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கிற பிரைமர் வாங்கவில்லை, நல்ல எமல்ஷனாக வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தோம். தண்ணீர் கலக்காமல் கெட்டியாக ஒரே கோட் அடித்தோம், இரண்டு கோட்டுக்குச் சமம் என்று. எனாமல் பட்டையைத் தேய்க்காமல் அதன் மேலேயே எமல்ஷனை ஏற்றினோம். மேற்குச் சுவரின் அடியில் ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், ஏறிக் கொப்பளித்திருந்த இடத்தில், செங்கல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும் ஃபோம் ஸ்டிக்கர் ஷீட் வாங்கி ஒட்டினோம். ஜன்னல் கம்பியில் துருவுக்கு மேலேயே கறுப்பு எனாமல். இரண்டே நாளில் அறை புதிதாகிவிட்டது. பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நன்றாகத்தான் இருந்தது.

பக்கத்துத் தெருவில் ஒரு பெயின்டர் அண்ணன் இருக்கிறார். நாற்பது வருஷமாக இதே வேலை. இப்போது முழங்கால் வலியால் ஏணி ஏறுவதில்லை. உரிந்த துண்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி, வெள்ளையாக இருந்த பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார்.

“பெயின்ட் நல்லாத்தாம்மா இருக்கு. இது சுவத்துல ஒட்டல, சுண்ணாம்புல ஒட்டியிருக்கு. சுண்ணாம்பு சுவத்துல ஒட்டல.”

“அப்ப முழுக்கச் சுரண்டணுமாண்ணே?”

“சுரண்டாம என்ன பண்ணுவ? மேல பூசுறத உம் புள்ளகூடப் பூசிடுவான். கீழ இருக்கிறதுதாம்மா வேல.”

அதற்கப்புறம் எங்கே பிசகினோம் என்று ஒவ்வொன்றாக அவரே விளக்கினார். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டுதான் இறுகும். ஆனால் கை கனமாக, அடுக்கடுக்காக அடித்தால் உள் அடுக்குகள் சரியாக இறுகாமல் மாவாகவே நின்றுவிடும். அதன் மேலே சுண்ணாம்பு அடிக்கிற வரை தொந்தரவு இல்லை. அது இழுவை இல்லாத பூச்சு. எமல்ஷன் அப்படி அல்ல. அது காயும்போது பிளாஸ்டிக் ஏடு போல ஆகிச் சுருங்கும். கெட்டியாக அடித்தால் இழுவை இன்னும் அதிகம். அடியில் பிடிப்பில்லாத மாவு இருந்தால் அதையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். விலை உயர்ந்த பெயின்ட் என்றால் ஏடும் உறுதியாக இருக்கும், உரிவதும் பெரிய துண்டாக உரியும். எங்கள் சுவரில் நடந்தது அதுதான்.

இன்னொன்று சொன்னார், அது எனக்கு மனதில் தைத்தது. நம் பக்கத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் எல்லாரும் பெயின்ட் அடிக்கிறோம். தீபாவளி வடகிழக்குப் பருவமழையின் வாசலில் வருகிறது. பொங்கல் மழை முடிந்த கையோடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குடித்த தண்ணீரைச் சுவர் மார்கழியில் இன்னும் வைத்துக்கொண்டிருக்கும், வெயிலும் ஏறாது. போதாததற்கு 2024 ஜனவரி தொடக்கத்தில் காவிரி டெல்டாவில் கனமழை வேறு. சுவர் ஈரமாக இருக்கும்போது மேலே மூடி போட்டுவிட்டு, சித்திரை வெயிலில் அந்த ஈரம் வெளியேறப் பார்க்கும்போது மூடி தெறித்துவிட்டதே என்று வருத்தப்பட்டோம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் மார்கழி வேலை பொருந்தியது, ஏனென்றால் சுண்ணாம்பு ஈரத்தை வழிவிட்டு அனுப்பிவிடும். பூச்சு மாறிவிட்டது. நாள் மட்டும் மாறவில்லை.

முதலில் அந்த ஃபோம் ஷீட்டைப் பிரித்தேன். ஒட்டும்போது, ஓதச் சுவரை மறைக்க இதைவிட எளிய வழி உண்டா என்று சந்தோஷப்பட்டது உண்மை. ஒரு மூலையை நகத்தால் நெம்பி இழுத்ததும் ஈரச் சாக்கு நாற்றம் முகத்தில் அடித்தது. ஷீட்டின் பின்புறம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள், நடுவில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கரி பூசிய மாதிரி. சுவரில் பழைய எனாமல் கொப்புளமாக எழும்பி, கொப்புளத்தின் உள்ளே வெள்ளை வெள்ளையாக நார் போல உப்பு பூத்திருந்தது. ஷீட்டின் பசையோடு சிமென்ட் பூச்சின் மேல்தோலும் பெயர்ந்து வந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் பையனின் கட்டில். மூன்று மாதமாக அவன் காலையில் எழுந்ததும் தும்மிக்கொண்டே இருந்தான். இதனால்தானா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கட்டிலை அன்றே வேறு அறைக்கு மாற்றினோம்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் பூசக் கூடாது என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது, செலவே இல்லை. கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டி, நான்கு பக்கமும் காற்று புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டேன். மறுநாள் தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக வியர்த்திருந்தது. அப்படியானால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில் உள்ள ஈரம்தான் குளிர்ந்து படிகிறது, அதற்கு ஜன்னலைத் திறந்தாலே பாதி தீர்ந்துவிடும். மற்ற மூன்று சுவர்களிலும் இதேபோல ஒட்டிப் பார்த்தேன். சித்திரை வெயிலுக்கு அவை நன்றாகக் காய்ந்திருந்தன.

குளியலறைப் பக்கம் போய் உட்கார்ந்து பார்த்ததில், தரையும் சுவரும் சேருகிற மூலையில் டைல்ஸ் இடுக்குக் கலவை பல இடத்தில் கரைந்து போயிருந்தது. குண்டூசியை விட்டால் முழுதாக உள்ளே போனது. கொத்தனாரை வைத்துப் பழையதை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, நாலு நாள் அந்தக் குளியலறையை உபயோகிக்காமல் காய விட்டு, எபாக்ஸி கலவை வைத்து அடைத்தோம். மே முதல் வாரத்தில் அது முடிந்தது. அறைப் பக்கம் நாலடி உயரத்துக்குப் பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டார். அக்னி நட்சத்திரம் முழுக்க அந்தச் செங்கலை அப்படியே திறந்து போட்டிருந்தோம்.

அந்த நாட்களில் செங்கல் மேல் உப்பு பூத்துக்கொண்டே இருந்தது. முதல் தடவை ஈரத்துணியால் துடைக்கப் போனேன், அண்ணன் தடுத்தார். தண்ணீர் பட்டால் உப்பு கரைந்து திரும்பவும் செங்கலுக்குள் போய்விடும். காய்ந்த பிரஷால் தட்டி, விழுந்ததை முறத்தில் வாரி வெளியே கொட்ட வேண்டும். அப்படி மூன்று முறை எடுத்தேன். நான்காவது முறை பார்த்தபோது பூக்கவில்லை.

இது காயட்டும் என்று விட்டுவிட்டு மற்ற மூன்று சுவர்களை மேயில் எடுத்துக்கொண்டோம்.

சுண்ணாம்பு சுரண்டுவது அலுப்பான வேலை என்று கேள்விப்பட்டிருந்தேன். காய்ந்த சுவரைச் சுரண்டினால் அப்படித்தான், கையும் வலிக்கும், அறை முழுக்கத் தூசியும் பறக்கும். செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயரில் தண்ணீர் அடித்து, பத்து நிமிஷம் ஊற விட்டு, நாலு அங்குலப் பட்டித் தகட்டைச் சாய்வாகப் பிடித்துத் தள்ளினால் பாலாடை மாதிரி சுருண்டு வருகிறது. ஒருவர் தண்ணீர் அடித்துக்கொண்டே முன்னால் போக, இன்னொருவர் பின்னால் சுரண்டிக்கொண்டே வந்தால் ஒரு சுவர் அரை நாளில் முடிந்துவிடும். கீழே பழைய சேலையை விரித்து வைத்தால் மொத்தமாகச் சுருட்டி எடுத்துவிடலாம்.

தகட்டின் நுனியில் ஒரு இடத்தில் அடுக்குகள் வெட்டு வெட்டாகத் தெரிந்தன. இளநீலம், வெள்ளை, வெள்ளை, ஒரு மஞ்சள், மறுபடி இளநீலம், ஒரு ரோஸ். அத்தை பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். “இந்த ரோஸ் பெரியவ கல்யாணத்துக்கு அடிச்சது. பொட்டு பொட்டா நீலம் தெரியுது பாரு, அது உங்க மாமா நீலத்த அள்ளிக் கொட்டிட்டாரு, கலக்கவே இல்ல.” மாமா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அந்தச் சில்லை அத்தை ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்று மாலை வரை நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. வேலை மட்டும் நடந்தது.

சுரண்டி முடித்த சுவரில் மாவு மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, ஒரு சாண் நீளம் பிளாஸ்டிக் டேப்பை அழுத்தி ஒட்டிச் சடக்கென்று இழுத்துப் பார்ப்பேன். டேப்பில் வெள்ளை ஒட்டியிருந்தால் இன்னும் கழுவ வேண்டும். டேப் சுத்தமாக வந்தால் சரி. ஒரு சுவருக்கு ஐந்தாறு இடத்தில் பார்த்தேன். இதை டிசம்பரில் ஒரே ஒரு தடவை செய்திருந்தால் மொத்தக் கதையும் மாறியிருக்கும்.

எனாமல் பட்டையை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. முழுக்க எடுத்துவிட்டுச் சுவர் முழுவதும் ஒரே நிறமாக்க வேண்டும் என்றார் இவர். மற்ற மூன்று சுவர்களிலும் அது கல் மாதிரி பிடித்திருந்தது. எமல்ஷன்தான் அதன் மேல் நிற்காமல், நகம் பட்டாலே தோலாக வந்தது, வழவழப்பான எண்ணெய்ப் பூச்சின் மேல் தண்ணீர்ப் பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது. நன்றாக நிற்கிற ஒன்றை ஏன் பிடுங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பட்டையைப் பட்டையாகவே விட்டுவிட்டு, மேலே ஏறிய எமல்ஷனை மட்டும் உரித்து, தேய்த்து, மறுபடி எனாமலே அடிப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு நாள் வேலை மிச்சம். இந்தக் குறுக்குவழியில் எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை.

ஆனால் அதைத் தேய்ப்பதில் ஒரு கவனம் வேண்டும், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், அதுவும் அடர்ந்த நிறங்களில், ஈயம் நிறைய இருக்க வாய்ப்பு உண்டு. எங்கள் பட்டையும் கதவும் அந்தக் காலத்தவை. காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூசி காற்றில் கலந்து, தரையில் படிந்து, குழந்தைகளின் கை வழியாக வாய்க்குள் போகும். வளர்கிற மூளையை ஈயம் ரொம்பக் கெடுக்கும். அதனால் பையனை ஒரு வாரம் அம்மா வீட்டில் விட்டோம். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள் வாங்கி, வாளியில் முக்கி முக்கி ஈரமாகவே தேய்த்தேன். முகக்கவசம் போட்டுக்கொண்டேன். முடிந்ததும் தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் இரண்டு தடவை துடைத்தேன். துடைத்த துணியைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. தேய்ப்பது வழவழப்பு போய் மங்கினால் போதும். பெயின்டையே எடுக்க வேண்டியதில்லை.

பட்டி பார்ப்பதில், அதாவது மேடு பள்ளத்தை மாவு பூசிச் சமப்படுத்துவதில், எழுத அதிகமில்லை. சுவரை லேசாக நனைத்து, சிமென்ட் பட்டியை மெல்லியதாக இரண்டு தடவை இழுத்தோம். இரண்டு மணி நேரத்தில் தீர்கிற அளவுக்கு மட்டும் கலந்தோம். இறுக ஆரம்பித்ததைத் தண்ணீர் விட்டு இளக்கினால் பின்னால் பொரிந்துவிடும். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும்: மேடு பள்ளம் பகலில் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு தழும்பும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு காலையில் 180 நம்பர் தாளால் தேய்த்து, அப்புறம் 220இல் முடித்தேன். தூசியைத் துடைத்துவிட்டு ஒரு கோட் பிரைமர்.

பெயின்ட் கணக்கு இது. நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவுக்கு 21, இரண்டு ஜன்னலுக்கு 32 கழித்தால் 387. கீழ்ப்பட்டைக்கு இந்தப் பச்சை வேண்டியதில்லை என்றாலும், கை பழகாததால் வீணாகும் என்று நான் அதைக் கழிக்காமலே வாங்கினேன். பட்டி பார்த்த சுவரில் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 65 சதுர அடி என்று வைத்தால் ஆறு லிட்டர். நாலு லிட்டர் டின் ஒன்று, ஒரு லிட்டர் டின் இரண்டு. கடையில் மெஷினில் கலர் கலந்து தருகிறார்கள். ஒரே நம்பர் என்றாலும் டின்னுக்கு டின் இம்மி வித்தியாசம் வரலாம். அதனால் எல்லா டின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கி, மேற்குச் சுவருக்கு வேண்டியதைத் தண்ணீர் சேர்க்காமல் மறுபடி டின்னில் ஊற்றி இறுக மூடி, கட்டிலுக்கு அடியில் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து அடித்தபோது நிறத்தில் துளி வித்தியாசம் இல்லை.

மே மாத வெயிலில் வேறொரு தொந்தரவு. டின்னில் போட்டிருந்த அளவுக்குத் தண்ணீர் கலந்தும், உச்சி வெயில் நேரத்தில் சுவர் சூடாக இருந்ததால் பிரஷ் எடுக்குமுன் காய்ந்தது. அடித்த ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்த இழுப்பு அதன் மேல் ஏற வேண்டும்; காய்ந்த ஓரத்தின் மேல் ஏறினால் பட்டை பட்டையாகத் தெரியும். ஜன்னல் சுவரில் எனக்கு அப்படித்தான் மூன்று கோடு விழுந்தது. அதன் பிறகு காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை ஐந்துக்கு மேல் என்று வைத்துக்கொண்டோம். ஒரு சுவரைத் தொட்டால் மூலையிலிருந்து மூலை வரை முடித்துவிட்டுத்தான் காப்பி. இரண்டாவது கோட்டில் அந்தக் கோடுகள் மறைந்தன.

எங்கெங்கே வேலையைச் சுருக்கலாம் என்பதும் இந்த முறை தெரிந்தது. மாஸ்கிங் டேப் ஒரு சுருள்கூட வாங்கவில்லை. பீரோவில் கிடந்த பழைய எக்ஸ்ரே பிலிமை ஒரு கையில் தரையோரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரஷை இழுத்தால் கோடு நேராக வரும். நாலு இழுப்புக்கு ஒரு தடவை பிலிமின் ஓரத்தைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடிக்குச் செய்தித்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒட்டினேன். கதவுக் கீலிலும் தாழ்ப்பாளிலும் முன்கூட்டியே தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் சிந்திய பெயின்ட் துடைத்தால் வந்துவிடும். ஆனால் எண்ணெய் மரத்தில் படக் கூடாது, பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது. கையில் பட்ட எனாமலுக்கும் தின்னர் வேண்டாம், தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊற விட்டுச் சோப்பு போட்டால் போகிறது. ரோலர் தட்டில் பால் கவர் மாதிரி ஒரு பிளாஸ்டிக்கை விரித்து அதில் பெயின்டை ஊற்றினால் தட்டைக் கழுவும் வேலையே இல்லை. எமல்ஷன் ரோலரை ராத்திரி கழுவாமல் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் காற்றை அழுத்தி எடுத்துக் கட்டி வைத்தால் காலையில் அப்படியே ஓடும். ஒரு ராத்திரிதான், இரண்டாவது ராத்திரிக்கு ஓரம் கெட்டியாகிவிட்டது. ஏடு கட்டிய பெயின்டை வடிகட்டப் பழைய நைலான் துணி போதும். இவை ஒன்றும் சுவருக்கு அடியில் போகாதவை. தப்பினாலும் துடைத்துவிடலாம், மறுபடி செய்யலாம். அதனால்தான் இவற்றில் சுருக்கினால் சுவர் நம்மைத் திருப்பிக் கேட்பதில்லை.

ஜன்னல் கம்பிக்கு அரை நாள் போனது. கம்பி பிரஷால் துருவைத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தின்னர் துணியால் துடைத்த அன்றே சிவப்பு ஆக்ஸைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிப் போட்டால் எங்கள் ஊர்க் காற்றுக்கு மறுபடி துரு பூத்துவிடும். டிசம்பரில் அடித்த கறுப்புக்குள் துரு தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. சுரண்டினால் பொருக்கு பொருக்காக வந்தது.

மேற்குச் சுவருக்கு ஜூன் முதல் வாரத்தில் கொத்தனார் வந்தார். ஒரு பங்கு சிமென்டுக்கு நாலு பங்கு மணல் என்று கலவை, அதில் நீர்த்தடுப்பு மருந்து கலந்து பூசினார். ஏழு நாள் காலை மாலை தண்ணீர் அடித்தேன். அப்புறம் 28 நாள் கழிய வேண்டும் என்று காத்திருந்தோம். புதுப் பூச்சில் சிமென்டின் காரம் இருக்கும்வரை மேலே எது அடித்தாலும் நிறம் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். இந்தக் காத்திருப்புதான் மொத்த வேலையிலும் கஷ்டமானது. மூன்று சுவர் இளம்பச்சையாகவும் ஒரு சுவர் சாம்பல் நிறமாகவும் இருக்கிற அறையில் ஒரு மாதத்துக்கு மேல் படுத்து எழுந்தோம். வந்தவர்கள் எல்லாரும் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். ஜூலை நடுவில் மறுபடி பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. அதன் பிறகுதான் பட்டி, பிரைமர், இரண்டு கோட்.

அந்தச் சுவரில் மட்டும் கீழ்ப்பட்டையை எனாமலில் அடிக்கவில்லை. மிச்சம் மீதி ஈரம் இருந்தாலும் வெளியேற வழி இருக்கட்டும் என்று காப்பிக்கொட்டை நிறத்திலேயே எமல்ஷன் அடித்தேன். மற்ற மூன்றும் மினுமினுக்கும், இது மினுமினுக்காது. உற்றுப் பார்த்தால் தெரியும். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாமல் ஒரு கை புகும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறோம்.

எனாமலுக்கும் கதவுக்கும் கடைசி கோட் அடிக்கும்போது ஆடி பிறந்துவிட்டது. ஆடிக்காற்றில் தெருப் புழுதி முழுக்க ஈர எனாமலில் வந்து ஒட்டும். காற்று அடங்குகிற விடியற்காலையில், தரையை ஈரத்துணியால் துடைத்து, காற்று வருகிற பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்திவிட்டு அடித்தோம். அப்படியும் கதவின் கீழ் மூலையில் நாலைந்து மணல் துகள் ஒட்டியிருக்கிறது. தடவினால் தெரியும்.

முதல் தடவை இரண்டு நாள். இந்தத் தடவை கை வைத்து வேலை செய்த நாட்களை மட்டும் எண்ணினால் பதினொன்று, காத்திருந்தது இரண்டரை மாதம்.

2024 நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் கரையைத் தொடுவதற்கு முந்தைய நாட்களில், எங்கள் பக்கம் விடாமல் கொட்டியது. தினமும் ராத்திரி படுக்கும்முன் மேற்குச் சுவரில் அடியிலிருந்து ஒரு முழத்துக்கு உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். குளிர்ச்சியாக இருந்தது, ஈரமாக இல்லை. மழை விட்டு இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு தாள் ஒட்டினேன், வியர்க்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே இடது மூலையில் மட்டும் மயிரிழையாக ஒரு விரிசல் விட்டிருக்கிறது, பென்சிலால் அதன் இரண்டு நுனியிலும் தேதி குறித்து வைத்திருக்கிறேன். அது நீள்கிறதா என்று பார்த்துவிட்டு, பங்குனி வெயிலில் கீறித் திறந்து அடைக்க வேண்டும். வாளியில் கலந்த பெயின்டில் முக்கால் லிட்டர் மிச்சம் இருக்கிறது.